எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்வது எப்படி?

சென்னை எழும்பூரில், பாந்தியன் சாலையில் அமைந்துள்ள அரசு அருங்காட்சியகம் 16 ஏக்கருக்கும் மேற்பட்ட வளாகத்தில் ஆறு கட்டடங்களையும் 46 காட்சிக்கூடங்களையும் கொண்டது. 1851இல் தொடங்கப்பட்டதிலிருந்து அங்கே சேர்ந்துள்ள கற்சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், நாணயங்கள், கல்வெட்டுகள், பாடம் செய்யப்பட்ட விலங்குகள், படைக்கலங்கள் ஆகிய அனைத்தையும் நிதானமாகப் பார்க்க வளர்ந்தவர்களுக்கே பல நாட்கள் தேவைப்படும். ஆனால் மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோரில் பலர், வந்தது வந்தோம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டே போவோம் என்று ஒவ்வொரு கூடமாக வேகமாக நடத்திச் செல்கிறார்கள். இரண்டாவது கட்டடத்திலேயே குழந்தை சிணுங்கத் தொடங்குகிறது. மூன்றாவதில் தூக்கச் சொல்கிறது. வீடு திரும்பிய பிறகு அதன் நினைவில் கால்வலி மட்டுமே மிஞ்சுகிறது. பெரிய அருங்காட்சியகத்தைக் குழந்தைக்குச் சிறிது சிறிதாகத்தான் கொடுக்க வேண்டும். ஒரு வருகைக்கு மூன்று பொருள்கள் போதும். மூன்று கூடங்கள் என்றுகூட நான் சொல்லவில்லை, மூன்றே மூன்று பொருள்கள். அவற்றின் முன் குழந்தை நின்று, பார்த்து, கேட்டு, மறுபடியும் பார்க்க நேரம் கொடுத்தால், அந்த வருகை நிறைவானது என்றே கொள்ளலாம்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுப்பது பற்றி. வெள்ளிக்கிழமைகளிலும் தேசிய விடுமுறை நாட்களிலும் அருங்காட்சியகம் திறந்திருப்பதில்லை. மற்ற நாட்களில் காலை 9.30 மணி முதல் மாலை 5 மணி வரை பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். கோடை விடுமுறையில்தான் வெளியூரிலிருந்து உறவினர் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுடன் குடும்பங்கள் கூட்டமாகக் கிளம்புகின்றன என்றாலும், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு வெயிலில்தான் நடக்க வேண்டும் என்பதால், ஏப்ரல், மே மாதங்களில் செல்பவர்கள் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்ச் சேர்ந்து பதினோரு மணிக்கெல்லாம் வெளியேறிவிடுவது நல்லது. டிசம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரையிலான மாதங்களே குழந்தைகளுக்கு மிகவும் ஏற்றவை. பள்ளிச் சுற்றுலாக் குழுக்கள் வேலைநாட்களின் முற்பகலில் வருவது வழக்கம். அப்படியொரு குழு ஒரு கூடத்துக்குள் நுழைவதைக் கண்டால், அவர்களுடன் நெருக்கியடித்துக்கொண்டு போகாமல் வேறொரு கூடத்தை முடித்துவிட்டு வாருங்கள்; அவர்கள் வேகமாகக் கடந்துவிடுவார்கள். பழைய கட்டடங்கள் என்பதால் ஏதாவது ஒரு பகுதி பராமரிப்புப் பணிக்காக மூடப்பட்டிருப்பது உண்டு. நுழைவுச்சீட்டு வாங்கும்போதே இன்று எவையெவை திறந்திருக்கின்றன என்று கேட்டுக்கொண்டால், குழந்தையிடம் ஒன்றைச் சொல்லி ஆசை காட்டிவிட்டுப் பூட்டிய கதவின் முன் நிற்க நேராது.

புறப்படுவதற்கு முந்தைய நாள் வீட்டில் செய்ய வேண்டிய ஆயத்தம் ஒன்று உண்டு. பார்க்கப்போகும் மூன்று பொருள்களில் ஒன்றைப் பற்றிய சிறு அனுபவத்தை மட்டும் குழந்தைக்குக் கொடுத்து வையுங்கள். நீண்ட வரலாறு வேண்டியதில்லை. செப்புத் திருமேனிகளைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், மெழுகுவத்தித் துண்டு ஒன்றை வெதுவெதுப்பான நீரில் இளக்கிக் குழந்தையின் கையில் கொடுத்துச் சிறு உருவம் செய்யச் சொல்லுங்கள். பிறகு அதைச் சுற்றிப் பிசைந்த மாவையோ களிமண்ணையோ பூசி, "இதைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும், அந்தப் பள்ளத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றினால் நீ செய்த உருவம் உலோகத்தில் கிடைக்கும், மேலே உள்ள மண்ணை உடைத்துத்தான் அதை வெளியே எடுக்க வேண்டும்" என்று விளக்குங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து, வண்டல் மண் பூசி, சோழர் காலச் சிற்பிகள் வார்த்ததும் சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் வார்ப்பதும் இந்த முறையில்தான். அச்சு உடைக்கப்படுவதால் ஒன்றைப் போலவே இன்னொன்று வராது என்பதை ஐந்து வயதுக் குழந்தை எளிதாகப் புரிந்துகொள்ளும். மறுநாள் சிலையின் முன் நிற்கும்போது அதுவே உங்களுக்கு எடுத்துச் சொல்லும்.

எடுத்துச் செல்லும் பை இலேசாக இருக்கட்டும். தண்ணீர், தொப்பி, ஒரு மாற்றுடை, கோடு போடாத சிறு நோட்டு, இரண்டு பென்சில்கள் போதும். பேனாவும் வண்ணமையும் வேண்டாம். காட்சிப்பொருளில் ஒரு கோடு விழுந்தாலும் அதைப் போக்க முடியாது. குழந்தை வண்டி பல இடங்களில் படிகளில் ஏற்றி இறக்க வேண்டிய சுமையாகிவிடும் என்பதால், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை உடன் இருந்தால் துணித் தொட்டில் போல உடலோடு கட்டிக்கொள்ளும் பையே வசதியானது. உங்கள் கைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் குழந்தையின் சட்டைப்பையில் வைத்து, அப்படி வைத்திருப்பதை அதனிடமும் சொல்லிவிடுங்கள். உள்ளே நுழைந்ததும், எந்தக் கூடத்துக்கும் போவதற்கு முன் இரண்டு இடங்களைக் காட்டிவிட வேண்டும். ஒன்று கழிப்பறை. மற்றொன்று, வழி தவறினால் வந்து நிற்க வேண்டிய இடம். எளிதில் அடையாளம் தெரியும் ஒன்றை, எடுத்துக்காட்டாக நுழைவுச்சீட்டு தரும் இடத்தை, குழந்தையையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் அது மறக்காது. சீருடையில் இருக்கும் ஊழியரிடம் போய்ப் பெயர் சொல்ல வேண்டும் என்பதையும் அப்போதே பழக்குங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்பதில் என் கருத்து உறுதியானது. சிறு பிள்ளைகளுக்கு விலங்கியல் பகுதிதான் முதலில். கல்லும் செம்பும் பேசத் தொடங்கச் சற்று நேரம் பிடிக்கும். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு எந்த அறிமுகமும் தேவையில்லை. குழந்தையை அதன் தலைப்பக்கத்தில் நிறுத்தி, வால் முனைவரை அடி மேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள். எண்ணத் தெரியாத குழந்தை நடந்தாலே போதும், அளவு அதன் கால்களுக்குப் புரிந்துவிடும். பிறகு பக்கவாட்டில் இருக்கும் துடுப்பின் எலும்புகளைக் கவனிக்கச் செய்யுங்கள். வெளியே துடுப்பாகத் தெரிவதன் உள்ளே, நம் கையில் இருப்பதைப் போலவே தோள் எலும்பும், முன்கை எலும்புகளும், வரிசையாக விரல் எலும்புகளும் இருக்கின்றன. குழந்தை தன் கையை விரித்துப் பக்கத்தில் நீட்டிப் பார்த்து, தன் விரல்களையும் திமிங்கிலத்தின் விரல்களையும் ஒப்பிடும் அந்த நேரத்தில், திமிங்கிலம் மீனன்று, குட்டி போட்டுப் பாலூட்டும் உயிரினம் என்று நீங்கள் சொல்லும் செய்தி கேட்டவுடன் பதிந்துவிடும். அருகில் யானையின் எலும்புக்கூட்டையும் பார்த்தால், தும்பிக்கை இருக்க வேண்டிய இடத்தில் எலும்பே இல்லை என்பதைக் குழந்தை தானாகக் கண்டுபிடிக்கிறதா என்று காத்திருங்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

பாடம் செய்யப்பட்ட விலங்குகளின் முன்தான் "இது செத்துப்போச்சா?" என்ற கேள்வி வரும். அதை மழுப்பக் கூடாது. "ஆமாம், இது முன்பு உயிரோடு இருந்தது, இறந்த பிறகு தோலைப் பதப்படுத்தி, உள்ளே வேறு பொருளை வைத்து, உயிரோடு இருந்தபோது எப்படி நின்றதோ அப்படி நிறுத்தியிருக்கிறார்கள், இதற்கு இப்போது வலிக்காது" என்று நேராகச் சொன்னால், பெரும்பாலான குழந்தைகள் அதை ஏற்றுக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். தூங்குகிறது என்று சொல்லிவைத்தால், அன்றிரவு தூங்கப்போகும்போது அந்தப் பொய் குழந்தைக்குப் பயமாக மாறும். தாத்தா பாட்டி உடன் வந்திருந்தால், இந்த இடத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சென்னைவாசிகள் அழைத்த காலத்தை அவர்களே சொல்லட்டும். இதே வளாகத்தில்தான் 1855இல், அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்சிச்சாலை ஒன்றைத் தொடங்கினார். அது பின்னர் இடம் மாறி, 1985இல் வண்டலூரில் இன்றுள்ள பெரிய உயிரியல் பூங்காவாக நிலைபெற்றது. வண்டலூரைப் பார்த்த குழந்தைக்கு இந்தச் செய்தி மிகுந்த வியப்பைத் தரும்.

முதல் பொருளுக்குப் பிறகு வெளியே வந்து உட்காருங்கள். காட்சிக்கூடங்களுக்குள் எதையும் உண்ணக் கூடாது. உணவுத் துணுக்குகள் பூச்சிகளை வரவழைக்கும், பூச்சிகள் பாடம் செய்த தோலையும் மரத்தையும் துணியையும் அரிக்கும். இந்தக் காரணத்தைக் குழந்தையிடம் சொன்னால் அது தடையாகத் தோன்றாது. ஊழியரிடம் கேட்டுக்கொண்டு, அனுமதிக்கப்பட்ட இடத்தில் மரநிழலில் அமர்ந்து, கொண்டுவந்த புளிசாதத்தையோ இட்லியையோ கொடுங்கள். பசி வருவதற்கு முன்பே கொடுத்துவிடுவதுதான் முக்கியம். பசித்த குழந்தைக்கு எந்தச் சிற்பமும் கண்ணில் படாது.

அடுத்ததாக அமராவதிச் சிற்பங்களைப் பரிந்துரைக்கிறேன். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த பெரிய பௌத்தத் தூபியைச் சுற்றி அலங்கரித்த சுண்ணாம்புக்கற் பலகைகள் இவை. அங்கிருந்து எடுக்கப்பட்டவற்றில் ஒரு பகுதி இலண்டனுக்குப் போய்விட, இன்னொரு பெரும்பகுதி சென்னையில் இருக்கிறது. குழந்தைகளுடன் செல்பவர்கள் இந்தக் கூடம் முழுவதையும் சுற்ற வேண்டியதில்லை. நளகிரி என்னும் மதயானையைப் புத்தர் அடக்கிய கதையைச் செதுக்கியிருக்கும் வட்டச் சிற்பத்தைத் தேடிக் கண்டுபிடியுங்கள். கண்ணில் படவில்லை என்றால் கூடத்தின் ஊழியரைக் கேளுங்கள். ஒரே வட்டத்துக்குள் அந்த யானை இரண்டு முறை வருகிறது. ஒரு பக்கம் வெறிகொண்டு தெருவில் பாய்ந்து, ஒரு மனிதனைத் துதிக்கையால் பற்றி இழுக்கிறது. மக்கள் அஞ்சி ஒருவரை ஒருவர் பற்றிக்கொள்கிறார்கள். மறுபக்கம் அதே யானை புத்தரின் முன் மண்டியிட்டுப் பணிந்து கிடக்கிறது. மேலே மாடிச் சாளரங்களிலிருந்து ஊரார் எட்டிப் பார்க்கிறார்கள். படக்கதை படித்துப் பழகிய பிள்ளைகளுக்கு, ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முந்தைய சிற்பி ஒரே கட்டத்துக்குள் முன்னும் பின்னும் நடந்ததைக் காட்டியிருக்கும் திறம் பெரியவர்களைவிட விரைவாக விளங்குகிறது. "யானை எத்தனை?" என்று மட்டும் கேளுங்கள். இரண்டு என்ற விடை வரும். "இரண்டு யானையா, ஒரே யானையா?" என்று அடுத்துக் கேட்டுவிட்டு, குழந்தை யோசிக்கும்வரை பேசாமல் இருங்கள். சாளரத்தில் எட்டிப் பார்ப்பவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவர் என்ன பேசியிருப்பார் என்று கற்பனை செய்து சொல்லச் சொன்னால், ஆறேழு வயதுப் பிள்ளைகள் கதையை நீட்டிக்கொண்டே போவார்கள்.

செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடம்தான் இந்த அருங்காட்சியகத்தின் தலையாய செல்வம் என்பது என் எண்ணம். அதனாலேயே குழந்தையைக் களைத்துப்போன நிலையில் அங்கே அழைத்துச் செல்லக் கூடாது. நடராசர் திருமேனி ஒன்றின் முன் நின்றதும், முதலில் நீங்கள் குனிந்தோ முழங்காலிட்டோ குழந்தையின் கண் உயரத்துக்கு வாருங்கள். அந்த உயரத்திலிருந்து முதலில் தெரிவது முகமன்று. பாதமும் அதன் அடியில் கிடக்கும் முயலகன் என்ற குள்ள அரக்கனும்தான் தெரியும். ஆகவே பார்வையைக் கீழிருந்து தொடங்குங்கள். முயலகன் கையில் என்ன வைத்திருக்கிறான், அவன் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, ஊன்றிய கால் எது, தூக்கிய கால் எது என்று ஒவ்வொன்றாக மேலே ஏறுங்கள். ஒரு கையில் உடுக்கை, ஒரு கையில் தீ, ஒரு கை அஞ்சாதே என்கிறது, ஒரு கை தூக்கிய காலைச் சுட்டுகிறது. பாம்பு எங்கே இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். அருகருகே இருக்கும் நடராசர்களை ஒப்பிட்டு, யாருக்குச் சுற்றிலும் சுடர் வளையமான திருவாசி இருக்கிறது, யாருக்கு இல்லை, யாருடைய சடை பறக்கிறது என்று பார்ப்பது நல்ல விளையாட்டு. இறுதியாக, காட்சிப்பொருளிலிருந்து போதிய தூரம் விலகி நின்று, அதே நிலையில் ஒற்றைக் காலில் நிற்க முயலச் சொல்லுங்கள். சில நொடிகளில் தடுமாறும்போது, இந்த உலோக உருவம் எப்படி இத்தனை நூற்றாண்டுகளாகத் தடுமாறாமல் நிற்பது போலத் தோன்றுகிறது என்ற வியப்பு குழந்தைக்கு உடலின் வழியாகவே வந்துவிடும்.

திருவெண்காட்டிலிருந்து வந்த அர்த்தநாரீசுவரர் திருமேனியும் குழந்தைகளுக்கு உகந்தது. இங்கே கைகளை எண்ணச் சொல்லுங்கள்: மூன்று. ஆண் பாதிக்கு இரண்டு, பெண் பாதிக்கு ஒன்று. ஏன் என்று கேட்கும் குழந்தையிடம், நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு இரு பக்கங்களிலும் உடை, காதணி, இடுப்பின் வளைவு ஆகியவை எப்படி மாறுகின்றன என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். வடக்குப்பனையூரிலிருந்து வந்த இராமர், சீதை, இலக்குவன், அனுமன் திருமேனிகளைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால், உயரத்தில் எவ்வளவோ சிறியவரான அனுமன் பணிவோடு நிற்கும் விதத்தைக் குழந்தைகள் மிகவும் விரும்புவதைக் காணலாம். சில குழந்தைகள் திருமேனியின் முன் தாமாகக் கைகூப்புவார்கள். அவர்களைத் தடுக்கவும் வேண்டாம், கும்பிடு என்று கட்டாயப்படுத்தவும் வேண்டாம்.

தொடக்கூடாது என்ற விதியைப் பற்றிச் சில சொற்கள். "தொடாதே" என்று ஐம்பது முறை அதட்டுவதைவிட, காரணத்தை ஒருமுறை கண்ணால் காட்டுவது பயன் தரும். நுழைவதற்கு முன்பே உங்கள் கைபேசியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, குழந்தையின் விரலை அதில் ஒற்றி எடுத்து, படிந்த ரேகையைக் காட்டுங்கள். விரலில் இருக்கும் வியர்வையும் எண்ணெய்ப்பசையும் செம்பிலும் கல்லிலும் இப்படித்தான் படியும், ஆயிரம் பேர் தொட்டால் அந்த இடம் கறுக்கும் அல்லது தேயும் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கம் இல்லை. கைகளுக்கு வேறு வேலை கொடுப்பதும் அவசியம். நோட்டையும் பென்சிலையும் கையில் கொடுத்து, முழுச் சிலையையும் வரையச் சொல்லாமல், ஒரு பாதத்தை மட்டும், ஒரு கிரீடத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். வரையும் குழந்தை ஓடாது. வரைந்தது எப்படி இருக்கிறது என்று திருத்தவும் வேண்டாம். புகைப்படம் எடுப்பதற்கான கட்டணத்தையும் விதியையும் வாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால், குழந்தையைச் சிலையின் முன் நிறுத்திச் சிரிக்கச் சொல்வதிலேயே அதன் பொறுமை முழுவதும் செலவாகிவிடுகிறது என்பதால், படம் எடுப்பதை வெளியே தோட்டத்தில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன்.

ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் என்றால் மானிடவியல், தொல்பழங்காலப் பகுதிகளுக்கும் போகலாம். 1863ஆம் ஆண்டு மே மாதத்தில் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் கற்கால மனிதர்கள் வாழ்ந்ததற்கான ஆய்வு அதிலிருந்துதான் தொடங்கியது. அவர் பல ஆண்டுகள் திரட்டிய பொருள்களை இந்த அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது. மின்தொடர்வண்டியில் நாள்தோறும் கடக்கும் பல்லாவரத்தில், யாரோ ஒருவர் கையில் பிடித்து வேலை செய்த கல் அது என்று சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்க்கலாம். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரின் பழங்கால இடுகாட்டில் கிடைத்த பொருள்களும் இங்கே உள்ளன. முதுமக்கள் தாழி இறந்தவர்களை வைத்துப் புதைத்த பானை என்பதைக் கேட்டு அஞ்சும் குழந்தையாக இருந்தால், அதைத் தள்ளிவைத்துவிட்டு, தஞ்சை அரண்மனையிலிருந்தும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் வந்த வாள்களையும் கேடயங்களையும் காட்டுங்கள்.

வளாகத்தில் சிறுவர்களுக்கெனத் தனி அருங்காட்சியகக் கட்டடம் ஒன்றும், அதன் வெளியே டைனோசர் உருவங்களும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்ட குழந்தை வேறெங்கும் வர மறுக்கும் என்பதால், இயன்றவரை கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைகளையும் மாதிரிகளையும் பார்க்க மட்டுமே எழும்பூர் வரை வர வேண்டியதில்லை. உண்மையான பொருளின் முன் நிற்பதற்காகத்தான் வருகிறோம்.

மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேரமும், ஆறு வயதுக் குழந்தைக்கு இரண்டு மணி நேரமும் உச்ச வரம்பு என்று கொள்ளுங்கள். கேள்விகள் நின்றுபோவதுதான் களைப்பின் முதல் அறிகுறி. தரையில் உட்காருவதும் உடன்பிறந்தவரைச் சீண்டுவதும் அதற்குப் பின்னரே வரும். கேள்விகள் நின்றதுமே வெளியேறிவிடுங்கள், மூன்றாவது பொருளைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் வயது வேறுபாடு அதிகம் என்றால், பெற்றோர் இருவரும் பிரிந்து ஆளுக்கொருவரை அழைத்துச் சென்று, குறித்த நேரத்தில் சந்திப்பது எல்லோருக்கும் நல்லது.

திரும்பி வரும் வழியில் என்ன கற்றுக்கொண்டாய் என்று தேர்வு வைக்காதீர்கள். வீட்டில் இருக்கும் யாரேனும் ஒருவரிடம், எல்லாவற்றிலும் எது பிடித்தது என்று கேட்கச் சொல்லி, குழந்தை சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டால் போதும். வரைந்த தாளில் தேதி எழுதி வையுங்கள். அடுத்த வருகையில் அதே சிலையை மறுபடியும் வரையும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அந்த அடுத்த வருகைக்கு, முன்பு பார்த்த மூன்றில் குழந்தை கேட்கும் ஒன்றையும் புதிதாக இரண்டையும் தேர்ந்தெடுங்கள். நாணயங்கள், செப்பேடுகள், கல்வெட்டுகள் ஆகியவற்றை மட்டும், பிள்ளைகள் தமிழை நன்றாகப் படிக்கப் பழகிப் பழைய எழுத்தில் ஓரிரண்டையாவது தாமே அடையாளம் காணும் வயது வரும்வரை ஒத்திவையுங்கள்.